லினக்ஸ் கணினி பூட் ஆகவில்லையா? அந்த பார்ட்டிஷன் எண்ணைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள்

பூட் ஆகும் பாதையில் ஒரே டிஸ்க்கையும் அதன் பிரிவுகளான பார்ட்டிஷன்களையும் நான்கு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். முதலில் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ (மதர்போர்டிலேயே உள்ள ஃபர்ம்வேர்), அடுத்து சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் (லினக்ஸில் பெரும்பாலும் கிரப்), பிறகு கெர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு), கடைசியாக எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள பார்ட்டிஷன் பட்டியலைப் படித்து அவற்றை மவுண்ட் செய்யும், அதாவது அடைவுகளோடு இணைக்கும், சிஸ்டம்டி. ஒருவர் போட்ட எண்ணை அடுத்தவர் வாங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் அவரவர் பழக்கப்படி புதிதாக எண்ணத் தொடங்குகிறார்கள். அதனால் திரையில் பிழை வந்ததும் கட்டளை தேடி ஓடாதீர்கள். அந்த வரியைச் சொல்வது யார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்; யூயூஐடி=, பார்ட்யூயூஐடி= என்பவையும் 'பெரிய எழுத்து' என்று சொல்லப்பட்டவையும் மட்டும் பெரிய எழுத்துகளில்.

எண்ணும் முறைகள் இவை. பழைய கிரப், அதாவது 0.97 வரை, டிஸ்க்கையும் பார்ட்டிஷனையும் 0-இலிருந்து எண்ணும். முதல் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன் அதற்கு (எச்டி0,0). கிரப் 2 டிஸ்க்கை 0-இலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணும். அதே இடம் இங்கே, எம்பிஆர் எனும் பழைய வகை பார்ட்டிஷன் அட்டவணையாக இருந்தால் (எச்டி0,எம்எஸ்டாஸ்1), ஜிபிடி எனும் புதிய வகை அட்டவணையாக இருந்தால் (எச்டி0,ஜிபிடி1). லினக்ஸ் கெர்னல் டிஸ்க்குக்கு எழுத்தும் பார்ட்டிஷனுக்கு எண்ணும் தந்து எஸ்டிஏ1 என்கிறது. என்விஎம்இ டிஸ்க்கின் பெயரே எண்ணில் முடிவதால் நடுவில் ஒரு 'பி' சேரும்: என்விஎம்இ0என்1பி1. விண்டோஸின் டிஸ்க்பார்ட்டும் டிஸ்க்கை 0-இலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணுகிறது.

கிரப்பின் எச்டி0-வும் கெர்னலின் எஸ்டிஏ-வும் ஒரே டிஸ்க்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எச்டி0 என்பது ஃபர்ம்வேர் தந்த வரிசை. பயாஸ் மெனுவில் வேறு டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான் எச்டி0 ஆகிவிடும். எஸ்டிஏ என்பது கெர்னல் கண்டுபிடித்த வரிசை.

அறிகுறி: 'நோ சச் பார்ட்டிஷன்', அடுத்த வரியில் 'கிரப் ரெஸ்க்யூ'

இங்கே பேசுவது கிரப். அதிலும் அதன் மிகச் சிறிய முதல் துண்டு மட்டும்தான் எழுந்திருக்கிறது. மெனு, மாட்யூல்கள் (தேவைக்கேற்ப ஏற்றும் துணை நிரல்கள்) எல்லாம் இருக்கும் அடைவை அது இன்னும் எட்டவில்லை.

எம்பிஆர் டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. அட்டவணையில் ஒரு பதிவு 16 பைட் என்பதால் நான்குக்கு மேல் இடமில்லை. அந்த நான்கும் 1 முதல் 4 வரை. அதற்கு மேல் வேண்டுமானால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். பிரைமரி இரண்டே இருந்தாலும் லாஜிக்கல் எண் 5-இல்தான் தொடங்கும்.

சிக்கல் அந்தச் சங்கிலியில் இருக்கிறது. லாஜிக்கல் பார்ட்டிஷனின் எண் எங்கேயும் எழுதப்படுவதில்லை. சங்கிலியில் எத்தனையாவது கண்ணி என்பதுதான் அதன் எண். 5, 6, 7 இருக்கும் டிஸ்க்கில் 5-ஐ அழித்தால் 6 இருந்த இடம் 5 ஆகிவிடும், 7 இருந்த இடம் 6 ஆகிவிடும். டேட்டா ஒரு பைட்கூட நகரவில்லை, ஆனால் கிரப் நிறுவும்போது 'என் அடைவு எம்எஸ்டாஸ்6-இல்' என்று பதித்து வைத்த குறிப்பு பொய்யாகிவிட்டது. விண்டோஸிலிருந்து தேவையில்லாத ஒரு டிரைவை அழித்துவிட்டு மறு பூட் செய்தவர்கள் இந்தத் திரையில் வந்து நிற்பது இதனால்தான்.

ரெஸ்க்யூவில் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்ற நான்கு கட்டளைகள்தான் உண்டு. முதலில் எல்எஸ் அடியுங்கள். இப்படி ஒரு வரி வரும்:

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்6) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)

ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்

சிலவற்றுக்கு 'அன்னோன் ஃபைல் சிஸ்டம்' என்று பதில் வரும். பதற வேண்டாம். தான் குடியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் மாட்யூல் மட்டுமே இந்தச் சிறு துண்டில் இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸையும் லினக்ஸ் நினைவகத்தின் நீட்சியான ஸ்வாப்பையும் அதற்குத் தெரியாது. அந்த பார்ட்டிஷன் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. கோப்புப் பட்டியல் எதற்கு வருகிறதோ அதுதான் உங்கள் இடம். பூட் தனி பார்ட்டிஷனாக இருந்தால் பாதையில் /பூட் வராது, வெறும் /கிரப் என்று பாருங்கள். கிடைத்ததும்:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்துவிடும். இது நினைவகத்தில் மட்டும் செய்த திருத்தம், அடுத்த பூட்டில் பழைய கதைதான். உள்ளே போனதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை முழு டிஸ்க்குக்கு, எஸ்டிஏ5-க்கு அல்ல எஸ்டிஏ-வுக்கு, கொடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். எந்த டிஸ்க் என்பதை முன்னதாக எல்எஸ்பிஎல்கே மூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்எஸ் பட்டியலில் (எச்டி0) மட்டும் தனியாக நின்றால் இது எண் பிரச்சினை அல்ல. அட்டவணையையே கிரப்பால் படிக்க முடியவில்லை. லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ளது) பூட் செய்து அட்டவணையைப் பாருங்கள். அதுவரை எதையும் எழுதாதீர்கள்.

ஜிபிடியில் இந்தத் தொல்லை கிடையாது. வழக்கமான ஜிபிடியில் 128 பதிவுகளுக்கு இடம் உண்டு, எந்தப் பதிவில் இருக்கிறதோ அதுவே எண். 2-ஐ அழித்தால் 3 மூன்றாகவே இருக்கும், நடுவில் ஒரு காலி இடம் அவ்வளவுதான்.

அறிகுறி: 'ரெஸ்க்யூ' இல்லாமல் வெறும் 'கிரப்' என்று நிற்கிறது

இது வேறு நிலை. மாட்யூல்கள் கைவசம் உள்ளன, மெனு கோப்புதான் கிடைக்கவில்லை. டெபியன், உபுண்டு வகைகளில் யூஇஎஃப்ஐ பூட் என்றால், பூட் கோப்புகளுக்கான இஎஸ்பி பார்ட்டிஷனில் மூன்று வரி கொண்ட ஒரு சின்னஞ்சிறு மெனு கோப்பு இருக்கும். 'இந்த யூயூஐடி உள்ள ஃபைல் சிஸ்டத்தைத் தேடு, அங்கே இருக்கும் பெரிய மெனுவைப் படி' என்பதுதான் அதன் சாரம். யூயூஐடி என்பது ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள் எழுதப்படும் தனி அடையாளம். ரூட் பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்திருந்தால் யூயூஐடி மாறியிருக்கும், தேடல் தோற்றிருக்கும். மேலே சொன்னபடி எல்எஸ் மூலம் இடத்தைக் கண்டுபிடித்து, கான்ஃபிக்ஃபைல் கட்டளைக்கு மெனு கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். பிறகு கிரப்-இன்ஸ்டால்.

அறிகுறி: மெனுவில் 'இ' அழுத்தி எண்ணை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மெனுப் பதிவைத் திறந்தால் 'செட் ரூட்=எச்டி0,ஜிபிடி2' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே சர்ச் என்று தொடங்கும் வரியில் ஒரு நீண்ட யூயூஐடி இருக்கும். அந்தத் தேடல் வெற்றி பெற்றால் மேலே எழுதிய எண்ணை அழித்துவிட்டுத் தன் விடையை ரூட்டில் போட்டுவிடும். எண் வெறும் மாற்று ஏற்பாடு. திருத்த வேண்டியது யூயூஐடியை. இல்லையென்றால் சர்ச் வரியை நீக்கிவிட்டு எண்ணைத் திருத்துங்கள்.

அதே பதிவில் லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலும் 'ரூட்=' என்று ஒன்று வரும். பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு. முதலாவது, கெர்னல் கோப்பு எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்று கிரப்புக்குச் சொல்வது. இரண்டாவது, எதை மூல அடைவாக மவுண்ட் செய்ய வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்வது. பூட் தனி பார்ட்டிஷனாக உள்ள கணினியில் இரண்டும் வெவ்வேறாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய கிரப்பின் மெனு வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே (எச்டி0,1) என்றால் இரண்டாவது பார்ட்டிஷன், கிரப் 2-இல் அதே எழுத்துகள் முதலாவதைக் குறிக்கும்.

அறிகுறி: கெர்னல் பேனிக், 'அன்னோன்-பிளாக்(0,0)'

கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. கெர்னல் ஓடுகிறது, மூல ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை. அடைப்புக்குள் உள்ள இரண்டு எண்களை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

முதல் எண் மேஜர், எந்த வகை டிரைவர் என்று சொல்வது. எஸ்டி வகை டிஸ்க்குகளுக்கு அது 8. இரண்டாவது மைனர். ஒரு டிஸ்க்குக்கு 16 மைனர் எண்கள் ஒதுக்கப்படுகின்றன: எஸ்டிஏ முழு டிஸ்க் 0, எஸ்டிஏ1 என்பது 1, எஸ்டிபி முழு டிஸ்க் 16, எஸ்டிபி1 என்பது 17. ஆக (8,17) என்று வந்தால் கெர்னல் எஸ்டிபி1-ஐத் திறக்கப் பார்த்திருக்கிறது. என்விஎம்இ பார்ட்டிஷன்களுக்கு மேஜர் 259.

பூஜ்யம் அல்லாத எண்கள் வந்தால் சாதனம் கிடைத்தது, உள்ளிருப்பதைப் படிக்கத் தெரியவில்லை என்று பொருள். அந்த ஃபைல் சிஸ்டத்துக்கான டிரைவர் கெர்னலில் இல்லாமல் இருக்கலாம், அல்லது தவறான பார்ட்டிஷனை, உதாரணமாக ஸ்வாப்பைச் சுட்டியிருக்கலாம்.

(0,0) என்றால் 'ரூட்=' என்று நீங்கள் கொடுத்த பெயரை எந்தச் சாதனத்தோடும் கெர்னலால் பொருத்த முடியவில்லை. நான் முதலில் சந்தேகிப்பது இனிட்ஆர்டி வரியைத்தான். இனிட்ராம்எஃப்எஸ் எனும் தற்காலிக ஆரம்ப ஃபைல் சிஸ்டத்தை ஏற்றச் சொல்லும் வரி அது. கெர்னல் புதுப்பிப்பு பாதியில் நின்று, புதிய கெர்னல் கோப்பு வந்து இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போயிருக்கலாம். பூட் பார்ட்டிஷன் நிரம்பி வழியும்போது இது சாதாரணமாக நடக்கும். மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பூட் ஆகிறதா என்று பாருங்கள். அப்படி பூட் ஆனால், காரணம் இதுதான். இடத்தைக் காலி செய்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: 'ரூட்=யூயூஐடி=' என்பதைக் கெர்னல் தானாகப் புரிந்துகொள்ளாது. அந்த யூயூஐடி ஃபைல் சிஸ்டத்துக்குள் எழுதப்பட்டிருப்பது. அதைத் திறந்து படித்துத் தேடும் வேலையை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள நிரல்கள்தான் செய்கின்றன. கெர்னல் தனியாகப் புரிந்துகொள்வது 'ரூட்=பார்ட்யூயூஐடி='. இது பார்ட்டிஷன் அட்டவணையில் இருப்பது.

அந்த பார்ட்யூயூஐடியிலும் ஒரு கண்ணி உண்டு. ஜிபிடியில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் எழுதப்பட்டிருக்கும், எண் மாறினாலும் அது மாறாது. எம்பிஆரில் அப்படி எழுத இடமே இல்லை. அதனால் டிஸ்க்கின் 32 பிட் கையொப்பத்தையும் பார்ட்டிஷன் எண்ணையும் ஒட்டி ஒன்றைக் கெர்னலே உண்டாக்கிக்கொள்கிறது: 40871265-05 என்பது போல. கோட்டுக்குப் பின்னால் இருப்பது அதே பழைய எண்தான். லாஜிக்கல் எண்கள் நகர்ந்தால் இதுவும் நகரும். எண்ணை நம்பாமல் இருக்க பார்ட்யூயூஐடிக்கு மாறினேன் என்று எம்பிஆர் டிஸ்க்கில் சொல்பவர் ஏமாந்துபோகிறார்.

பேனிக் செய்திக்குச் சற்று மேலே, கெர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களின் பட்டியலை அச்சிட்டிருக்கும். பெயருக்கு அடுத்து பார்ட்யூயூஐடியும் இருக்கும். உங்கள் டிஸ்க் அதில் இருந்தால் பெயரைத் திருத்தினால் போதும். பட்டியலில் டிஸ்க்கே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை, எந்த எண்ணைக் கொடுத்தும் பயனில்லை.

அறிகுறி: 'யூயூஐடி... டஸ் நாட் எக்ஸிஸ்ட்', பிறகு இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்

இது முந்தையதைவிட நல்ல நிலை, கையில் ஒரு ஷெல் இருக்கிறது. பிஎல்கேஐடி அடியுங்கள். /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைக் கேட் மூலம் படித்து, கேட்கப்பட்ட யூயூஐடியோடு ஒப்பிடுங்கள்.

பார்ட்டிஷன் தெரிகிறது, யூயூஐடி வேறு என்றால் ஃபார்மட்டால் மாறியிருக்கிறது. மறு பூட் செய்து, கிரப்பில் 'இ' அழுத்தி, புதியதைக் கொடுத்து உள்ளே போய் எஃப்எஸ்டேப்பையும் கிரப்பையும் புதுப்பியுங்கள். பட்டியல் காலியாக வந்தால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. யூஎஸ்பி டிஸ்க் மெதுவாக எழுகிறது என்றால் கெர்னல் வரியில் ரூட்டிலே=10 (ரூட், டிலே என்ற இரண்டு சொற்களும் ஒட்டியது) சேர்த்துப் பாருங்கள். உள் டிஸ்க் என்றால் ஃபர்ம்வேர் அமைப்பில் சாட்டா முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டு பேட்டரி மாற்றிய பிறகு, ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு இந்த அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு.

அறிகுறி: ஒரு பூட்டில் எஸ்டிஏ, அடுத்த பூட்டில் எஸ்டிபி

பிழையே அல்ல. கெர்னல் டிஸ்க்குகளை இணையாகத் தேடுகிறது, முதலில் பதில் சொன்னது முதல் எழுத்தைப் பெறுகிறது. 2007 வாக்கில் ஐடிஇ டிஸ்க்குகள் லிப்ஏடிஏ டிரைவருக்கு மாறி, எச்டிஏ என்றிருந்தவை ஒரே புதுப்பிப்பில் எஸ்டிஏ ஆனபோதே, எழுத்தை நம்பி எஃப்எஸ்டேப் எழுதக்கூடாது என்று ஆகிவிட்டது. எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி போடுங்கள். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி போன்ற ஆபத்தான கட்டளைகளுக்கு /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் உள்ள பெயரைப் பயன்படுத்துங்கள். அதில் டிஸ்க்கின் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும்.

அறிகுறி: பூட் ஆகிறது, ஆனால் ஒன்றரை நிமிடம் நிற்கிறது; அல்லது எமர்ஜென்ஸி முறையில் போய் விழுகிறது

சிஸ்டம்டி பேசுகிறது. எஃப்எஸ்டேப்பில் உள்ள ஏதோ ஒரு பார்ட்டிஷனுக்காக 90 விநாடி காத்திருந்து பார்க்கிறது. பெரும்பாலும் குற்றவாளி ஸ்வாப். இன்னொரு லினக்ஸை நிறுவும்போது அது ஸ்வாப்பை மறுபடி ஃபார்மட் செய்துவிடும், புது யூயூஐடி பிறந்துவிடும், பழைய சிஸ்டத்துக்குத் தகவல் வராது. எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். டெபியன் வகைகளில் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பிலும் பழைய யூயூஐடி ஒளிந்திருக்கலாம். அதையும் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். கழற்றி மாட்டும் டிஸ்க்குகளுக்கு எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் (இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்பது) சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: டிஸ்க்கை குளோன் செய்த பிறகு விசித்திரமாக நடக்கிறது

பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் மாட்டியிருக்கின்றனவா? டிடி குளோனில் எல்லா யூயூஐடியும் அச்சு அசலாக வரும். எது மவுண்ட் ஆகும் என்பது அதிர்ஷ்டம். புதிய டிஸ்க்கில் பூட் செய்ததாக நினைத்துக்கொண்டு பழையதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ் ஒன்று மவுண்ட் ஆகியிருக்கும்போது அதே யூயூஐடி உள்ள இன்னொன்றை மறுத்துவிடும், அது நல்லதுதான். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இரட்டை யூயூஐடி மிக ஆபத்து; இரண்டையும் ஒன்றாக மாட்டவே மாட்டாதீர்கள். முதல் வழி, பழையதைக் கழற்றிவிடுவது. இரண்டும் வேண்டுமென்றால் இஎக்ஸ்டி4-க்கு டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம் (இந்த -யூ பெரிய எழுத்தில்) கொடுத்து ஒன்றின் யூயூஐடியை மாற்றுங்கள்.

விண்டோஸ் தன் வழியில் இதைத் தீர்க்கிறது: இரண்டு டிஸ்க்குகளின் கையொப்பம் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். நீங்கள் அதை ஆன்லைன் ஆக்கினால் புதுக் கையொப்பம் எழுதிவிடும். எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸின் பூட் விவரப் பதிவான பிசிடி, பார்ட்டிஷனை எண்ணால் அடையாளம் காண்பதில்லை. டிஸ்க் கையொப்பத்தையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான் காண்கிறது. ஆகவே அந்த குளோன் அதன் பிறகு பூட் ஆகாது. ரெகவரி சூழலில் பிசிடிபூட் ஓட்டினால் சரியாகும். அங்கே டிரைவ் எழுத்துகளும் இடம் மாறியிருக்கும். உங்கள் சி அங்கே டி ஆக இருக்கலாம், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

பெரிய டிஸ்க்குக்கு குளோன் செய்த ஜிபிடியில் இரண்டாவது அட்டவணை டிஸ்க்கின் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். அது கடைசியில் இருக்க வேண்டியது. எஸ்ஜிடிஸ்க் -இ அதை நகர்த்திவிடும்.

அறிகுறி: 'பார்ட்டிஷன்கள் டிஸ்க் வரிசையில் இல்லை' என்று எஃப்டிஸ்க் எச்சரிக்கிறது

விட்டுவிடுங்கள். எண் 4 டிஸ்க்கில் 2-க்கு முன்னால் இருப்பதால் எதுவும் கெடாது. அழகுக்காக வரிசைப்படுத்தினால் எண்கள் மாறும், அதை நம்பியிருக்கும் எல்லாம் உடையும். எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிஏ4 என்று 1 கேபி அளவில் ஒன்று தெரிந்தாலும் அப்படியே. அது எக்ஸ்டெண்டட் கூடு. வீணாகக் கிடக்கிறதே என்று அழித்தால் உள்ளிருக்கும் 5, 6, 7 எல்லாம் சேர்ந்து போகும்.

அறிகுறி: யூஇஎஃப்ஐ 'பூட் சாதனம் இல்லை' என்கிறது, டிஸ்க் நன்றாகவே இருக்கிறது

யூஇஎஃப்ஐ தன் பூட் பதிவில் இஎஸ்பியின் பார்ட்டிஷன் எண்ணையும் ஜிபிடி அடையாளத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இஎஸ்பியை அழித்து மறுபடி உருவாக்கினால் அடையாளம் புதிது, பதிவு செத்துவிட்டது. லைவ் யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ அடைவு இருந்தால் அந்த முறையில்தான் இருக்கிறீர்கள். இஎஃப்ஐபூட்மேனேஜர், அதாவது இஎஃப்ஐபூட்எம்ஜிஆர், -வி கொடுத்தால் பதிவில் உள்ள அடையாளம் தெரியும். பிஎல்கேஐடி காட்டும் பார்ட்யூயூஐடியோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் நிறுவிய சிஸ்டத்துக்குள் சிஎச்ரூட் செய்து (அதையே மூல அடைவாக்கி) கிரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள்.

அறிகுறி: யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக மாட்டிய டிஸ்க் காலியாகத் தெரிகிறது

சில யூஎஸ்பி பெட்டிகள் உள்ளிருக்கும் 512 பைட் செக்டார் டிஸ்க்கை 4096 பைட் செக்டார் டிஸ்க்காகக் கணினிக்குக் காட்டும். ஜிபிடி தலைப்பு 1-ஆம் எண் செக்டாரில் இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டிக்குள் இருந்தபோது அது 4096-ஆவது பைட்டில் எழுதப்பட்டது. நேரடியாக மாட்டினால் கெர்னல் 512-ஆவது பைட்டில் போய்த் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. எம்பிஆர் என்றால் அட்டவணை கிடைக்கும், ஆனால் அதிலுள்ள எண்கள் எல்லாம் செக்டார் கணக்கு என்பதால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எட்டில் ஒரு பங்கு தூரத்திலேயே தொடங்குவதாகத் தெரியும்.

இந்த நேரத்தில் விண்டோஸ் 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கை அதே பெட்டியில் திரும்ப மாட்டி, டேட்டாவை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகு, நேரடியாக மாட்டிப் புதிய அட்டவணை போடுங்கள். பெட்டியே பழுதாகியிருந்தால், அந்த டிஸ்க்கின் மேல் 4096 பைட் கணக்கில் ஒரு லூப் சாதனத்தை (டிஸ்க் போலத் தெரியும் மாயச் சாதனம்) லோசெட்டப் -பி 4096 -பி பெரிய எழுத்தில் என்று உருவாக்கிப் பாருங்கள். முதலாவது சிறிய எழுத்து, செக்டார் அளவுக்கு. இரண்டாவது பெரிய எழுத்து, பார்ட்டிஷன்களைத் தேடுவதற்கு. டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் இருக்க -ஆர் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன்கள் லூப்0பி1, லூப்0பி2 என்று எழுந்து வரும், அங்கிருந்து நகலெடுக்கலாம்.